கேள்விக்குக் கீழே பதில்

கணினி வழியாகப் பாடம் சொல்லித்தரும் முயற்சிகளில் மிகப் பழையதும் பெரியதுமான ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கியது. டொனால்ட் பிட்சர் என்ற பொறியியலாளர் உருவாக்கிய அந்த அமைப்பின் பெயர் பிளேட்டோ. 1970களின் தொடக்கத்தில் அதன் நான்காம் தலைமுறை வந்தபோது, எர்பானாவில் இருந்த ஒரு பெரிய கணினியோடு பல இடங்களிலிருந்த முனையங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக இணைக்கப்பட்டன. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகள், விரல் தொடுவதைப் புரிந்துகொள்ளும் வசதி என்று அக்காலத்துக்கு அது பெரும் பாய்ச்சல். பயன்படுத்துபவர்கள் கூடக் கூடப் புகார்களும் கூடின. புகார் சொல்ல இருந்த வழி ஒன்றே ஒன்று: யார் வேண்டுமானாலும் திறந்து எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்பு. அதில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று அறிய வழியில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கலாம், மாற்றலாம். இதைச் சீர்செய்யும் பொறுப்பை மென்பொருள் பிரிவில் இருந்த பால் டென்சார், டேவிட் ஊலி என்ற 17 வயது இளைஞரிடம் கொடுத்தார். 1973 ஆகஸ்டில் 'நோட்ஸ்' என்ற நிரல் பயன்பாட்டுக்கு வந்தது. எழுதியவரின் அடையாளமும் தேதியும் தாமாகவே பதிவாயின; பதிந்ததை மற்றவர் திருத்த முடியாது.

ஊலி முதலில் நினைத்த வடிவம் வேறு. திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பயனரின் குறை, வலப்பக்கம் ஊழியரின் பதில் என்று அமைக்கத் திட்டமிட்டார். பாதித் திரையில் எழுத இடம் போதாது என்பதோடு, ஒரு குறைக்கு ஒரு பதில் என்ற கணக்கும் உதவாது என்று விரைவிலேயே அவருக்குப் புரிந்தது. ஊழியர் ஒரு விளக்கம் கேட்பார், பயனர் அதைச் சொல்வார், அதே சிக்கலைச் சந்தித்த மூன்றாமவர் தான் கண்ட மாற்றுவழியைச் சேர்ப்பார். எனவே குறிப்பு மேலே, பதில்கள் வரிசையாக அதன் கீழே என்று அமைத்தார். அறிவிப்புகளுக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று, பொதுப்பேச்சுக்கு ஒன்று என்று மூன்று பிரிவுகள் இருந்தன. இணையச் சமூகங்களின் தொடக்கம் என்று இதை வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுகிறார்கள். பிற்காலத்து லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளின் வேரும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது அதன் பிறப்புக் காரணம். ஒரு பல்கலைக்கழகக் கற்றல் தளத்தை நடத்துபவர்கள், அதைப் பயன்படுத்துபவர்களின் குறைகளைத் தொலைக்காமல் கேட்டுப் பதில் சொல்வதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இன்றைய நிலைக்கு வருவோம். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் புழங்கும் மூடுல் தளத்தை எழுதியவர் மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்து, வானொலி வழியே பாடம் நடத்திய பள்ளியில் படித்தவர். பிறகு பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் கற்றல் தளத்தைப் பராமரித்தவர். மூடுலின் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. கற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கற்கிறார்கள் என்ற கல்விக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டே அதை வடிவமைத்தார். அப்படிப்பட்ட தளத்திலும் ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் 'அறிவிப்புகள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதன் இயல்பான அமைப்பைக் கவனிக்க வேண்டும். பாடத்தில் சேர்ந்த எல்லாருக்கும் அது கட்டாயம், விலக முடியாது. ஆசிரியர் எழுதலாம். மாணவர் புதிதாக எழுதவும் முடியாது, வந்ததற்குப் பதில் எழுதவும் முடியாது. மின்னஞ்சலில் வரும் பிரதியோ, பெரும்பாலும் பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து வரும். உரையாடலுக்கான அரங்கு அதே தளத்தில் இன்னொரு மூலையில் இருக்கிறது. நிர்வாகத்தின் பேச்சு மட்டும் பதில் வாங்காத கூட்டுக்குள் போய் அமர்ந்துகொண்டது.

மாணவர்கள் அறிவிப்புகளைப் படிப்பதில்லை என்று பல்கலைக்கழகங்கள் குறைப்படும்போது கைகொள்ளும் தீர்வு, இன்னும் அதிகமாக அனுப்புவது. மின்னஞ்சலோடு குறுஞ்செய்தி, குறுஞ்செய்தியோடு செயலி அறிவிப்பு, போதாததற்கு முகப்புப் பக்கத்தில் ஓடும் எழுத்து. என் வாதம் இதற்கு எதிரானது. ஒரு கற்றல் தளம் தன் பயனர்களிடம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு ஏற வேண்டுமானால், பயனர்கள் சொன்னதற்குப் பதில் கிடைப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும். பதில் வராத இடத்திலிருந்து வரும் அறிவிப்பை மனம் தானாகவே ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. அது சோம்பல் என்று மாணவர்மேல் பழி போடுவது நியாயமில்லை. கேட்டால் யாரும் சொல்லாத இடத்தில், சொல்வதை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இதற்குச் சான்று உண்டா? அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லி மாணவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் சிறிய முயற்சிகள் நல்ல பலன் தந்தன. அதை நம்பி, அதே முறையை மாநில, தேசிய அளவில் விரிவாக்கிச் சோதித்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய அந்த ஆய்வின் முடிவுகள் 2021இல் ஆய்விதழில் வெளியாயின. கல்லூரியில் சேர்வதிலோ உதவித்தொகை பெறுவதிலோ எந்தக் கூடுதலும் இல்லை. செய்திகளின் சொற்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அனுப்பியவர் மாணவருக்கு அறிமுகமில்லாத பெரிய அமைப்பு என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். இதோடு அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016 கோடையில் செய்ததை ஒப்பிட வேண்டும். சேர்க்கை கிடைத்த மாணவர்களில் ஒரு பகுதியினர் கோடை விடுமுறையிலேயே காணாமல் போவது அங்கே தொடர் கவலையாக இருந்தது. மருத்துவச் சான்றோ கடன் படிவமோ எங்கோ சிக்கிக்கொள்ளும், யாரைக் கேட்பது என்று தெரியாது, அத்தோடு படிப்பு நின்றுவிடும். பல்கலைக்கழகம் 'பவுன்ஸ்' என்ற பெயரில் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே பேசும் ஒரு நிரலைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் அவர் இன்னும் முடிக்காத வேலையைப் பற்றி மட்டும் செய்தி போகும். மாணவர் எந்த நேரத்திலும் திருப்பிக் கேட்கலாம்; நிரலுக்குத் தெரியாத கேள்வி ஊழியரிடம் போகும். அங்கேயே படிப்பது என்று முடிவுசெய்த மாணவர்களில், இந்தச் செய்திகளைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 3.3 சதவீதப் புள்ளிகள் அதிகமாக உரிய காலத்தில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனை என்பதால் இந்த எண்ணை நம்பலாம்.

இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு சூழலில் நடந்தவை. வேறுபாடு முழுவதையும் ஒரே காரணத்தில் கட்டிவிட முடியாது. கல்வித் தொழில்நுட்பத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. பர்டியூ பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளால் எச்சரிக்கை தந்த திட்டம் மாணவர் இடைநிற்றலைப் பெரிதும் குறைத்ததாக விளம்பரமானது. அந்தத் திட்டம் இருந்த பாடங்களை அதிகம் எடுத்தவர்கள், ஏற்கெனவே படிப்பில் நீடித்ததால்தான் அதிகம் எடுக்க முடிந்தது என்று 2013இல் விமர்சகர்கள் காட்டியபோது அந்தக் கூற்று ஆட்டம் கண்டது. ஆகவே அட்லாண்டாவின் முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அளவானது. அறிமுகமான இடத்திலிருந்து, தனக்கே உரிய விஷயத்தில், திருப்பிக் கேட்கும் வாய்ப்போடு வந்த செய்தி வேலை செய்தது. பெரும் எண்ணிக்கையில், பொதுவாக, தொலைவிலிருந்து வந்த செய்தி வேலை செய்யவில்லை. செய்தியின் எண்ணிக்கையைவிட அதைச் சுற்றியுள்ள உறவு முக்கியம் என்று நினைக்க இது போதுமான காரணம்.

இந்த உறவு எங்கே அறுகிறது என்பதை ஒரு சாதாரண அறிவிப்பிலேயே பார்க்கலாம். 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் வடக்கு வர்ஜீனியா சர்வர்களில் ஏற்பட்ட கோளாறால் கேன்வாஸ் என்ற கற்றல் தளம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முடங்கியது. பாடக் குறிப்புகளைத் திறக்க முடியவில்லை, ஒப்படைப்புகளை ஏற்ற முடியவில்லை. இப்படி ஒரு நாள் எந்த ஊரிலும் வரும். அன்று நம் பக்கம் வெளியாகும் அறிவிப்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: "தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் இணையதளச் சேவை தற்காலிகமாகத் தடைபட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் மாணவருக்கு வேண்டியதும் இல்லை. சர்வர் ஏன் விழுந்தது என்பது அவர் கேள்வியே கிடையாது. இன்றிரவு 11.59க்குள் தர வேண்டிய அசைன்மென்ட் என்ன ஆகும், பாதி எழுதிய வினாடிவினா அழிந்துவிட்டதா, மதிப்பெண் போய்விடுமா என்பதுதான் கேள்வி. அவருக்கு வர வேண்டிய அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "இன்று பிற்பகல் 2 மணியிலிருந்து தளம் திறக்கவில்லை. இன்றிரவுக்குள் தர வேண்டிய எல்லா ஒப்படைப்புகளுக்கும் நாளை இரவு 11.59 வரை நேரம் உண்டு. யாரும் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். வினாடிவினாவில் பாதியில் நின்றவர்கள் மீண்டும் எழுதலாம். அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு இதே இடத்தில் வரும். அதற்குள் தளம் சரியாகாவிட்டாலும் வரும்."

முதல் அறிவிப்பை எழுதியவருக்கு இரண்டாவதை எழுதத் தெரியாது என்று நினைத்தால் தவறு. அதை எழுதும் அதிகாரம் அவரிடம் இல்லை. சர்வரைப் பார்ப்பது கணினி மையம். கெடுவை நீட்டிப்பது பாட ஆசிரியர். இன்டர்னல் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது துறை. தேர்வு சம்பந்தப்பட்டதென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் மட்டும் பேசினால், மாணவருக்குப் போய்ச் சேருவது வருத்தம் தெரிவிக்கும் அந்த ஒற்றை வரிதான். தொடர்பாடலை மேம்படுத்துவது என்றதும் நல்ல மொழிநடை, அழகான வார்ப்புரு, பயிற்சி வகுப்பு என்று பேச்சு போய்விடுகிறது. நடையைச் சீர்செய்வதற்கு முன் நடக்க வேண்டியது, தளம் இத்தனை மணிநேரம் விழுந்தால் கெடு இத்தனை மணிநேரம் தானாக நீளும் என்று கல்விக்குழு முன்கூட்டியே முடிவுசெய்து, அதை அறிவிக்கும் உரிமையைக் கணினி மையத்தில் பணியில் இருப்பவருக்கே தந்துவிடுவது. தெளிவான வாக்கியம் எழுத முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்குப் பின்னால் தெளிவான முடிவு இல்லாததே. நடையைப் பொறுத்தவரை, மூடுல் அரங்குகளில் எழுதியதைத் திருத்த இயல்பாக 30 நிமிடம் கிடைக்கிறது. அதன் பிறகே மின்னஞ்சல் போகிறது. இந்த அரைமணி நேரத்தில் அனுப்புபவர் தன் அறிவிப்பை ஒரு மாணவராக வாசித்து, இதைப் படித்தபின் என்னிடம் என்ன கேட்பார்கள் என்று ஒருமுறை யோசித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது பதில் கிடைக்கும் இடம். உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் டிக்கெட் எண் வருகிறது. பதிலும் தனி மின்னஞ்சலாகவே வருகிறது. அதே கேள்வியோடு திணறும் இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1988இல் தகவல் தொழில்நுட்பம் பற்றிய ஒரு பாடத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைநிலை மாணவர்களைக் கணினிவழிக் கலந்துரையாடலில் இணைத்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான கோசி என்ற மென்பொருள் அதற்குப் பயன்பட்டது. ராபின் மேசன் அந்த அனுபவத்தை ஆராய்ந்து எழுதியபோது, எழுதாமல் வாசிக்க மட்டும் செய்த பெரிய கூட்டம் ஒன்று அங்கே இருந்தது தெரியவந்தது. கேட்கக் கூச்சப்படுபவர்கள், கேட்க நேரமில்லாதவர்கள், தன் கேள்வி முட்டாள்தனமாகத் தோன்றுமோ என்று அஞ்சுபவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். பொதுவில் எழுதிய ஒரு பதில் இவர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு இதன் அருமை அதிகம். யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது என்பதையே அவர் பிறர் கேட்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் செலவு பற்றியது. இருபதாயிரம் மாணவர்களுக்கு ஒருவர் ஒருவராகப் பதில் எழுத ஆள் எங்கே இருக்கிறது? உண்மையான கேள்விதான். ஆனால் ஆட்கள் இப்போதும் பதில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே கேள்விக்குத் துறை அலுவலகத்தில் ஒருவர், உதவி மையத்தில் ஒருவர், வகுப்பில் ஆசிரியர், வாட்ஸ்அப்பில் வகுப்புத் தலைவர் என்று பலமுறை பதில் சொல்லப்படுகிறது, யார் சொன்னதும் எங்கும் பதிவாவதில்லை. கேள்விக்குக் கீழேயே பதில் நிலைத்திருந்தால் இந்த வேலை குறையும். தொடக்கத்தில் சில மாதங்கள் சுமை கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஆள் ஒதுக்காமல் இதைத் தொடங்கினால் பதிலில்லாத கேள்விகள் பொதுவில் குவிந்து, இருந்த நம்பிக்கையும் போகும்.

இரண்டாவது ஆட்சேபம் அந்தரங்கம் பற்றியது. கட்டணம் கட்ட முடியாதவர், உடல்நலக் குறைவால் அவகாசம் கேட்பவர், மதிப்பெண்ணில் தவறு கண்டவர் இதையெல்லாம் ஊர் பார்க்கச் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. தனிக் கதவு ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தனிக் கேள்விகளிலும் இரண்டு பகுதிகள் உண்டு: ஒருவரின் நிலைமை, பொதுவான விதி. நிலைமையை இரகசியமாக வைத்துக்கொண்டு விதியை மட்டும் பொதுவில் எழுத முடியும். மருத்துவச் சான்றோடு அவகாசம் கேட்பது எப்படி, யாரிடம், எத்தனை நாளுக்குள் என்ற பதில் வெளியே இருந்தால், நோயிலிருக்கும் மாணவர் நான்கு அலுவலகங்களில் தன் நோயை விவரிக்க நேராது.

மூன்றாவது, இப்போது எங்கும் கேட்பது: செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுமே, எதற்கு இந்த ஏற்பாடு? பவுன்ஸ் நிரலின் வெற்றியை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் பவுன்ஸுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். தெரியாத கேள்வியை எடுத்துக்கொள்ள ஊழியர் இருந்தார், அவர் தந்த பதில் நிரலின் கையிருப்பில் சேர்ந்தது. பல்கலைக்கழகமே முடிவுசெய்யாத ஒரு விஷயத்தை எந்த நிரலாலும் சொல்ல முடியாது. முடிவு இல்லாத இடத்தில் இன்றைய மொழி நிரல்கள் மௌனமாக இருப்பதும் இல்லை. நம்பும்படியான ஒரு கெடுத் தேதியைத் தாமே சொல்லிவிடக்கூடும். அதை நம்பி ஒரு மாணவர் தேர்வைத் தவறவிட்டால் யார் பொறுப்பேற்பது? எழுதியதோடு எழுதியவரின் அடையாளமும் தேதியும் இருக்க வேண்டும் என்ற 1973ஆம் ஆண்டின் ஏற்பாடு இப்போது முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கையில் வேறெதற்கு என்பவர்களும் உண்டு. அந்தக் குழுக்கள் பெருகியதே, தளத்தில் கேட்டால் பதில் வராது என்பதால்தான். அவை வேகமானவை, அன்பானவையும்கூட. ஆனால் நேற்றைய பதிலை இன்று தேடி எடுப்பது கடினம், வதந்தியையும் ஆணையையும் பிரித்தறிய முடியாது, குழுவில் சேர்க்கப்படாதவர் இருக்கும் இடமும் தெரியாது. பெண்கள் தம் கைப்பேசி எண்ணை நூறு பேர் பார்க்கும்படி வைக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் எண்ணினாலே, அதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ வழியாக ஏற்க முடியாது என்பது விளங்கும்.

செய்தி போய்ச் சேர ஆகும் செலவும் தொடர்பாடலின் ஒரு பகுதி. 2020இல் பெருந்தொற்றால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணம் இல்லாமல் பார்க்க மாணவர்களுக்கு வசதி செய்யப்பட்டது. மிகச் சரியான முடிவு. ஆனால் அதன் உட்பொருளை ஒவ்வொரு விரிவுரையாளரும் உணர்ந்திருக்க வேண்டும்: தளத்துக்குள் எழுதிய நான்கு வரி இலவசம், அதே விஷயத்தை வெளியே ஒரு காணொளியாக ஏற்றி இணைப்பு கொடுத்தால் மாணவர் காசு செலவழிக்க வேண்டும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிரும் வீடுகளிலும் கணக்கு இதுவே. பெரிய பி.டி.எப். கோப்பாக, கையொப்பமும் முத்திரையும் தெரிய ஸ்கேன் செய்து போடும் சுற்றறிக்கையைத் தேடவும் முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானால் படிக்கவும் முடியாது. மூடுலுக்குத் தமிழ் மொழித் தொகுப்பு இருக்கிறது, என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் சில தமிழிலும் கிடைக்கின்றன. பொத்தான்களும் பாடங்களும் தமிழுக்கு வந்த பிறகு, கெடு நீட்டிப்பும் மறுமதிப்பீட்டு விதியும் அலுவலக ஆங்கிலத்திலேயே நிற்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இவற்றையெல்லாம் அளப்பது எப்படி என்பதில்தான் நிர்வாகங்கள் தடுமாறுகின்றன. எத்தனை செய்தி அனுப்பினோம், எத்தனை பேர் திறந்தார்கள் என்பவை எளிதில் கிடைக்கும் எண்கள். அவை அனுப்பியவரின் உழைப்பை மட்டுமே காட்டுகின்றன. கேட்கப்பட்டவற்றில் பதில் பெறாதவை எத்தனை, முதல் பதிலுக்கு எத்தனை மணிநேரம் ஆனது, ஒரே கேள்வி எத்தனை முறை திரும்ப வந்தது, அதன் விளைவாக எந்தப் பக்கம் திருத்தப்பட்டது என்ற நான்கும்தான் தொடர்பாடலின் நிலையைச் சொல்லும். இந்தியாவில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில், மாணவர் கருத்தைச் சேகரித்து, ஆராய்ந்து, எடுத்த நடவடிக்கையைப் பதிவுசெய்து, இணையதளத்தில் வெளியிட்ட கல்லூரிகளுக்கு அதற்கென மதிப்பெண் உண்டு. ஆண்டு முடிவில் ஒரே நாளில் நிரப்பி வாங்கும் படிவங்களால் இந்தப் பத்தியை நிறைப்பதே இப்போதைய வழக்கம். அந்தப் படிவங்களுக்குப் பதிலாக, கற்றல் தளத்தில் ஆண்டு முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகளையும் கீழே தரப்பட்ட பதில்களையும் தேதியோடு அப்படியே சான்றாக வைக்க கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் பொறுப்பாளர்கள் முன்வரலாம். புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பதில் எழுதும் நேரத்தை ஊழியரின் பணி நேரமாகக் கணக்கில் எடுத்து, முதல் பருவத்தில் ஒரே ஒரு துறையில் தொடங்கிப் பார்க்கலாம்.